லித்தியம் மூட்டையைத் தொடும் முன்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

கையுறைக்குள் வழவழவென்று இருந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் தெற்குப் பக்கம் ஒரு கிரீஸ் ஆலையில் நான் சேர்ந்து மூன்றாவது வாரம். பிப்ரவரி மாதம், தகரக் கூரைக்குக் கீழே சும்மா நின்றாலே சட்டை நனையும். வியர்வைதான் என்று நினைத்து மூட்டைகளைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். வலி எதுவும் இல்லை. டீ நேரத்தில் கையுறையைக் கழற்றிப் பார்த்தால் மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெளுத்து, சோப்பு போட்ட கை மாதிரி நழுவியது. கால்சட்டையில் துடைத்துவிட்டு ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எரிய ஆரம்பித்தது. அந்தத் தழும்பு இன்னும் போகவில்லை.

அன்று நான் கொட்டியது லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட். ஆலையில் எல்லோரும் அதை 'உப்பு' என்றே சொல்வோம். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. வெள்ளையாக, நம் ஊர்க் கரும்புச் சர்க்கரை மாதிரி பளபளவென்று இருக்கும். மணம் கிடையாது. ஆனால் அது உப்பு இல்லை, காரம். சாக்கடை அடைப்பு நீக்கப் போடும் காஸ்டிக் சோடாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தோடு இந்தக் காரத்தைச் சேர்த்தால் ஒரு வகை சோப்பு உண்டாகும். அந்தச் சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் லித்தியம் கிரீஸ். 1940களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. லாரிச் சக்கரத்திலிருந்து ஆலை இயந்திரம் வரை இன்றும் இதுதான் ஓடுகிறது. சரி, கெட்டிலில், அதாவது கிரீஸ் காய்ச்சும் பெரிய கொப்பரையில், கொழுப்பைச் சோப்பாக்கும் பொருள் நம் தோலில் பட்டால் என்ன செய்யும்? அதே வேலையைத்தான் செய்யும். அன்று எனக்கு வழவழத்தது வியர்வை இல்லை, என் தோலின் கொழுப்பு சோப்பாகிக்கொண்டிருந்தது. அமிலம் பட்டால் சுள்ளென்று உடனே தெரியும். காரம் அப்படிச் சொல்லிவிட்டு வராது, சத்தமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள். வழவழப்பு தெரிந்த அந்த நொடியே வேலையை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள்.

அந்தத் தண்ணீரில்தான் இப்போது பெரிய குழப்பம் வந்திருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. லித்தியம் என்றாலே தீ, லித்தியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது. தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கக்கித் தீப்பிடிப்பது லித்தியம் உலோகம். மூட்டையில் வரும் லித்தியம் ஹைட்ராக்சைடு அந்தச் சண்டையெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் பொருள், அது எரியாது. புதிதாக வந்த ஒரு தம்பி கன்னத்தில் கரைசல் தெறித்தும் குழாய்க்குப் போகாமல் துணியைத் தேடி ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "லித்தியம்தானே அண்ணே, தண்ணி படலாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குச் செலவான நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறும். தண்ணீர் படலாம், படத்தான் வேண்டும், அதுவும் நிறைய.

உலர்ந்த தூள் என்றால் முதலில் தட்டிவிடுங்கள், அப்புறம் உடுப்பைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் நில்லுங்கள். கண்ணில் பட்டால் தட்டுவது துடைப்பது எதுவும் வேண்டாம். இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு உடனே கழுவ வேண்டும். 15 நிமிஷம் என்று மூட்டையோடு வரும் பாதுகாப்புத் தாளில் போட்டிருந்தாலும் காரத்துக்கு அது குறைந்தபட்சம்தான், அரை மணி நேரம் கழுவினாலும் தவறில்லை. இன்னொருவர் 10177க்கு அழைக்கட்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் நிற்கக் கூடாது. அந்தப் பாதுகாப்புத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், டாக்டருக்கு ஊகிக்கும் வேலை மிச்சம். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகரோ எலுமிச்சையோ ஊற்றாதீர்கள். இரண்டும் சேரும்போது சூடு பிறக்கும், புண்ணின் மேல் புண். மஞ்சள், பற்பசை, வெண்ணெய் எதுவும் அந்த நேரத்தில் கிட்டே வரக் கூடாது.

கையுறை போட்டும் எனக்கு ஏன் பட்டது? சட்டைக் கையைக் கையுறைக்குள் திணித்திருந்தேன். கையுறையின் வாய் புனல் மாதிரி திறந்திருந்தது, மூட்டையைச் சாய்த்தபோது பறந்த தூள் நேராக உள்ளே போய் வியர்வையில் கரைந்துவிட்டது. சட்டைக் கை கையுறைக்கு மேலே வந்து நாடாவால் ஒட்டப்பட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றியாக வேண்டும். காவடிக்குக் காப்புக் கட்டியவர்களுக்கு இது சங்கடமான பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் மணிக்கட்டில் உள்ள அந்தக் கயிறு காரத் தண்ணீரை உறிஞ்சி, கழுவிய பிறகும் தோலோடு தோலாகப் பிடித்து வைத்திருக்கும். காப்பை அவிழ்க்கச் சொல்வது நியாயமில்லை. விரதம் முடியும் வரை அந்த ஆளை மூட்டை கொட்டும் இடத்துக்கு அனுப்பாமல் வேறு வேலை கொடுப்பதுதான் சரி.

விரதத் தாடியும் அப்படித்தான். தூசு முகமூடி தோலோடு ஒட்டினால்தான் பயன், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். இந்தத் தூசு மூக்கில் ஏறினால் தும்மலும் இருமலும் நிற்காது. 15 நிமிஷச் சராசரியில் காற்றின் ஒரு கன மீட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று பிரிட்டன் வரம்பு வைத்திருக்கிறது. 1 மில்லிகிராம் என்பது விரல் நுனியில் ஒட்டும் சிட்டிகையிலும் மிகச் சிறிய பங்கு. தாடியை எடுக்க முடியாதவருக்குக் காற்று ஊதும் தலைக்கவசம் வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு. சிந்திய தூளை விளக்குமாற்றால் பெருக்குவதும் காற்றுக் குழாயால் ஊதுவதும் அதை எல்லோர் மூக்குக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதற்குச் சமம். ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் வையுங்கள்.

கரைக்கும் தொட்டியில் அவசரம் ஆகாது. தண்ணீர் முதலில், அதில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். இது சமையல் உப்பைப் போலக் கரையாது, சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 200 கிராமைத்தான் ஏற்கும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிக் குழாயை அடைக்கும். அப்புறம் யாராவது ஒருவர் கம்பியை விட்டுக் குத்துவார், அடைப்பு விடுபடும்போது முகத்தில் அடிக்கும். கெட்டிலில் எண்ணெய் 100 டிகிரிக்கு மேல் போயிருக்கும்போது காரக் கரைசலை ஊற்றுவது அதைவிட மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் கேட்கும். வடைச்சட்டியில் ஈரக் கரண்டி விழுந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதை டன் கணக்கில் நினைத்துப் பாருங்கள்.

அலுமினிய ஸ்கூப், துத்தநாகம் பூசிய வாளி இரண்டையும் இந்தப் பக்கம் கொண்டு வராதீர்கள். காரக் கரைசல் இவற்றைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் ஒரு பொறி போதும். பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகு போதுமானது. அமோனியம் கலந்த உரத்தின் பக்கத்திலும் இதை அடுக்கக் கூடாது, சேர்ந்தால் அமோனியா வரும்.

மூட்டையைத் தரையில் வைக்கும் பழக்கத்தை 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகாவது விட வேண்டும். அந்த வெள்ளத்தில் இந்தப் பகுதியில் 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள், ப்ராஸ்பெக்டன் பக்கம் தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் இருக்கும் மூட்டை நனைந்தால் காரம் மழைநீர்க் கால்வாய் வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். மீன் தாங்காது.

வயிற்றுக்குள் போனால் வேறு கதை. மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அதில் இடைவெளி மிகக் குறைவு, அதனால்தான் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுப்பார்கள். 1949இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்று, சிலர் இறந்த பிறகு நிறுத்தினார்கள். உடம்பிலிருந்து லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். நம் ஆட்களில் ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை பேர்! அந்த மாத்திரையும், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையும் லித்தியத்தை உடம்பில் தங்க வைக்கும். இவற்றை எடுப்பவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் ஆலை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்புறம் பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது, கையால் சாப்பிடும் சாப்பாடு. கையை நன்றாகக் கழுவாமல் அதைப் பிய்க்காதீர்கள்.

கடைசியாக வேலைச் சட்டை. என் அம்மா என் சட்டையை மற்ற துணியோடு ஊறவைத்துக் கையால்தான் துவைப்பார். விரல் நுனி வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். கடைக்காரர் சோப்பை மாற்றிவிட்டார் என்று அவர் சொல்ல, நானும் நம்பினேன். பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அழுக்கான வேலை உடையைத் துவைத்துத் தரும் பொறுப்பை இந்த நாட்டுச் சட்டம் முதலாளியிடம்தான் வைத்திருக்கிறது. இப்போது என் சட்டை ஆலையிலேயே தனிப் பையில் சலவைக்குப் போகிறது, பூட்ஸ் ஆலை வாசலைத் தாண்டுவதில்லை.