பீரைக் குளிரூட்டும்போது காற்றுப்பூட்டு நீர் உள்ளே இறங்காமல் காப்பது எப்படி?

நொதித்து முடிந்த பீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 2 டிகிரிக்கு இறக்கி இரண்டு மூன்று நாள் வைத்தால், ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும். ஆனால் அதுவரை காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் நீர் நிரப்பிய சிறு மூடி) வழியே வாயுவை வெளியேற்றி வந்த கலன், குளிரத் தொடங்கியதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மூன்று துண்டுக் காற்றுப்பூட்டு பொருத்திய கலனை முதன்முதலில் குளிரூட்டிய அன்று, மிதக்கும் தொப்பிக்குள் நீர் மெல்ல ஏறி, நடுத்தண்டின் விளிம்பைத் தாண்டி, பீரின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

குளிரில் வாயு சுருங்குவதே இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான். பீருக்கு மேல் 5 லிட்டர் வாயு இருந்தால், இந்த வெப்பநிலை இறக்கத்தால் சுமார் 0.3 லிட்டர் மட்டுமே சுருங்கும். குளிர்ந்த பீர் கரியமில வாயுவை அதிகமாகக் கரைத்துக்கொள்வதால், மேலே இருக்கும் வாயுவையே அது நாள்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆகவே மெதுவாகக் குளிரவைத்தால் இழுப்பு தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

இழுப்பைத் தடுப்பதைவிட, கலன் இழுப்பதற்குக் கரியமில வாயுவையே கொடுப்பதுதான் சரியான வழி என்பது என் கருத்து. நொதித்தல் மும்முரமாக நடக்கும் இரண்டாம் நாளில், காற்றை முழுவதும் பிழிந்தெடுத்த உலோகப்பூச்சுப் பையை ஒரு குழாயால் கலனுடன் இணைத்து, பை நிரம்பியதும் குழாயைக் கவ்வியால் அடைத்துக் கழற்றிவிட்டு, பூட்டை மீண்டும் பொருத்த வேண்டும். பீரின் அடர்த்தி அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்று, நொதித்தல் முடிந்தது உறுதியான பிறகு, பூட்டு இருந்த இடத்தில் அந்தப் பையை இணைத்துக் குளிரூட்டலாம். சாதாரண ரப்பர் பலூன் வழியே ஆக்சிஜன் கசியும் என்பதால் அதை நான் பயன்படுத்துவதில்லை.

பை கிடைக்காவிட்டால் 'எஸ்' வடிவப் பூட்டைப் பொருத்தலாம். அதில் நீர் உள்ளே இறங்காது, ஆனால் காற்று குமிழ்களாக நுழையும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் மணத்தை மங்கச் செய்து, நாளடைவில் ஈர அட்டை போன்ற சுவையைத் தரும். எந்தப் பூட்டானாலும் தண்ணீருக்குப் பதில் ஓட்கா ஊற்றினால், தப்பித் தவறிச் சில துளிகள் விழுந்தாலும் கிருமி சேராது. கண்ணாடிக் கலனை மட்டும் இறுக மூடிவிடக் கூடாது. மீண்டும் சூடேறும்போது அழுத்தம் கூடி அது வெடிக்கக்கூடும்.

அடிக்குழாய் வழியே பீரை இறக்கும்போதும் இதே உறிஞ்சல் நிகழும் என்பதால், பூட்டுப் பொருத்தியிருந்தால் குழாயைத் திறக்கும் முன்பே அதைக் கழற்றிவிடுங்கள்.