சின்ன ரீஃப் டேங்குக்கு லைட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். கையில் ‘165 வாட்’ என்று பெரிதாக அச்சடித்த லைட் பெட்டி. வீட்டில் இருப்பதோ ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயர ரீஃப் டேங்க், அதாவது உப்புத் தண்ணீரில் பவளம் வளர்க்கும் தொட்டி. சுமார் 40 லிட்டர். உள்ளே நாலு காளான் பவளமும், ஜோவா என்கிற பூப்போன்ற சின்னப் பவளத்தின் ஒரு கொத்தும். “அண்ணா, இது பத்துமா?” என்று கேட்டார். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டு, இதே மாதிரி ஒரு பெட்டியோடு வீட்டுக்குப் போனவன். அங்கேயே நின்று அரை மணி நேரம் பேசினேன். அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த சில்லறைத் தவறுகளைத் தொடவில்லை.

பவளம் எது என்று தெரியாமல் லைட் வாங்குவது

பவளத்துக்கு வேண்டிய ஒளியை பிஏஆர் என்ற அளவில் சொல்வோம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி ஓர் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் அது. கிளை விட்டு வளரும் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை கேட்கும். காளான் பவளம், ஜோவா, தோல் பவளம் இவற்றுக்கெல்லாம் 50 முதல் 100 வரை இருந்தால் தாராளம். காளான் அதற்குக் கீழேயும் நன்றாக இருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் பரிந்துரைப்பது பெரும்பாலும் கல் பவளத் தொட்டிக்கான லைட். நம் நாட்டில் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். ஆக, காளான், ஜோவா போன்ற மென்பவளத்தோடு நிற்கிற நமக்கு அந்த லைட் எதற்கு?

முதல் நாளே முழு வெளிச்சம்

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். காசும் போய், உயிரும் போகிற தவறு.

நான் வாங்கியது ஒளியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் இரண்டு குமிழ் வைத்த கறுப்புப் பெட்டி. ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று வெள்ளைக்கு. 3 வாட் பல்பு 55 இருப்பதால் 165 வாட் என்று போட்டிருந்தார்கள். மின்மானியில் பார்த்தபோது 120-ஐத் தாண்டவில்லை. அதுவே என் தொட்டிக்கு நாலைந்து மடங்கு. ஒவ்வொரு பல்பின் மேலும் ஒளியைக் குவிக்கிற சின்ன லென்ஸ் வேறு. இரண்டடி ஆழத் தொட்டியின் அடிவரை ஒளியை இறக்குவதற்காகச் செய்தது அது. என் தொட்டியின் ஆழம் ஓரடி. தண்ணீருக்கு முக்கால் அடி மேலே தொங்கவிட்டு, இரண்டு குமிழையும் கடைசி வரை திருகினேன். கடைக்காரர் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

மூன்றாம் நாள் தட்டு மாதிரி விரிந்திருந்த சிவப்புக் காளான் ஓரம் சுருட்டிக்கொண்டு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. ஜோவாக்கள் மொட்டு மாதிரி மூடிக்கொண்டன. வெளிச்சம் போதவில்லை போல என்று நினைத்து இரண்டு மணி நேரம் கூட்டினேன். ஒரு வாரத்தில் காளான் வெளிறி, பாறையிலிருந்து கழன்று, ஃபில்டர் வாயில் ஒட்டிக்கிடந்தது.

ஏன் இப்படி? பவளத்தின் சதைக்குள் நுண்பாசி வாழ்கிறது. அது ஒளியிலிருந்து உணவு செய்து பவளத்துக்குக் கொடுக்கிறது. கடைத் தொட்டிகளில் பெரும்பாலும் வெளிச்சம் குறைவு. அங்கே இருந்த பவளம் நிறையப் பாசியைச் சேர்த்து வைத்திருக்கும்; பழுப்பாகத் தெரிவது அதனால்தான். திடீரென்று கடும் ஒளி பட்டால், பாசியில் செல்லைச் சிதைக்கும் வகை ஆக்சிஜன் பெருகுகிறது. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு சோறு போட ஆள் இல்லை. புது வெளிச்சத்துக்குப் பழக அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

புது லைட்டை 20 சதவீதத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். குறைக்கும் வசதி இல்லையா? வெள்ளைக் கொசுவலையை மூன்று நாலு மடிப்பாகத் தொட்டி மேல் விரித்து, வாரம் ஒரு மடிப்பாக எடுங்கள். புதுப் பவளத்தை முதலில் மணலில் வையுங்கள். ஜோவா தண்டை நீட்டி எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டு மூடியே கிடந்தால் ஒளி அதிகம். காளான் சுருங்கினால் அன்றைக்கே குறையுங்கள். எனக்கு மிஞ்சிய ஜோவாக்கள் குறைத்த பிறகுதான் மெல்லத் திறந்தன. நிறம் திரும்ப மூன்று மாதம் ஆனது.

வாட், லூமன் பார்த்து ஒப்பிடுவது

வாட் என்பது லைட் இழுக்கும் மின்திறன். லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சையைத்தான் கூர்மையாக உணரும். பவளப் பாசி அதிகம் பயன்படுத்துவது 400 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள ஊதாவும் நீலமும். அதனால் நல்ல ரீஃப் லைட்டுக்கு லூமன் குறைவாகத்தான் காட்டும். போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப்பும் இதே காரணத்தால் ஏமாற்றும்.

சின்ன மென்பவளத் தொட்டிக்கு நீலம் தூக்கலான, குறைத்துக் கூட்டும் வசதியுள்ள 20, 30 வாட் எல்இடி போதும்.

செடித் தொட்டி லைட்டே போதும் என்பது

காளான் அதில் சாகாது. ஆனால் நீலம் குறைவதால் அதன் பச்சையும் ஆரஞ்சும் ஒளிராது. கொஞ்ச நாளில் வேறொன்றை வாங்குவீர்கள்.

டைமர் வாங்காதது

வாங்குங்கள். எட்டு மணி நேரம் போதும்.

இரவெல்லாம் நீல விளக்கு

அணைத்துவிடுங்கள்.

மொத்தப் பணத்தையும் லைட்டில் போடுவது

தொட்டிக்கு 25, 26 டிகிரி நல்லது. மே மாதச் சென்னையில் தண்ணீர் தானாகவே 30-ஐத் தாண்டும். மேலே பெரிய லைட் இருந்தால் இன்னும் ஏறும். ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் பவளம் ஒளியையும் குறைவாகத்தான் தாங்கும். அதனால் லைட்டில் மிச்சம் பிடித்து, தண்ணீர் மேல் வீசும் ஒரு நல்ல ஃபேன் வாங்குங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பழைய லைட்டைத் திறந்து பார்க்காமல் வாங்குவது

பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் உப்புத்துளி உள்ளே போய் லைட்டின் ஃபேனும், பல்புகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் என்ற பாகமும் பூத்துப்போயிருக்கும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். எல்லாப் பல்பும் எரிகிறதா, குமிழ் திருகினால் மங்குகிறதா, அரை மணி நேரம் ஓடினால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அந்தத் தம்பி கடைசியில் அப்படித்தான் ஒரு 30 வாட் லைட்டைப் பக்கத்துத் தெருவில் எடுத்தார். இப்போது 20 சதவீதத்தில் ஓடுகிறது. காளான் விரிந்திருக்கும் படம் நேற்று அனுப்பினார்.