டைப் 1 சுகர் இருக்கிற குட்டிப் பசங்களுக்கு டிபன், ஸ்நாக்ஸ்: தராசுல இருந்து ஆரம்பிக்கலாம்

டைப் 1னு ரிப்போர்ட் வந்த வாரம் நிறைய வீட்ல நடக்குறது என்னன்னா, அரிசி டப்பா உள்ள போயிடும், கேழ்வரகு, கோதுமை ரவை, கருப்பட்டி எல்லாம் வெளிய வந்துடும், புள்ளைக்கு மட்டும் தனி சமையல் ஆரம்பிச்சிடும், கொஞ்ச நாள்லயே அம்மாவும் ஓஞ்சு போய் புள்ளையும் தட்டைத் தள்ளிவிட ஆரம்பிச்சிடும். அதெல்லாம் தேவையே இல்லங்க. தாத்தாவுக்கு இருக்கிற சுகர் வேற, இது வேற. கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லுங்கள உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிடுது, அதனால இன்சுலினை ஊசியில குடுத்தே ஆகணும். ஸ்வீட் சாப்பிட்டதால வந்ததும் இல்ல, பாகற்காய் ஜூஸால போகப்போறதும் இல்ல. ஊசிய நிறுத்திட்டு எங்க ஊரு மருந்தக் குடுங்கன்னு யாராவது வந்தா ஒரு காபி குடுத்து அனுப்பிடுங்க, ஊசிய நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

வீட்ல எல்லாரும் சாப்பிடறதையே குடுக்கலாம், எவ்ளோ கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது உடம்புல போய் சர்க்கரையா மாறுற மாவுச்சத்தும் சர்க்கரையும்) உள்ள போகுதுன்னு தெரியணும், அவ்ளோதான் விஷயம். கீழ இருக்கிற கிராம் எல்லாம் தோராயமான கணக்கு, அதுக்கு எத்தனை யூனிட் இன்சுலின்ங்கறத உங்க டாக்டர்தான் சொல்லணும்.

படி 1: கிச்சன் தராசு

கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. ஒரு கப்புன்னு சொன்னா எந்த கப்பு, ஒரு கரண்டின்னா யாரு வீட்டு கரண்டி? வடிச்ச சாதம் 100 கிராமுக்கு 28 கிராம் கார்ப் போல வரும், உங்க கரண்டியில ஒரு தடவ அள்ளி எடை பாத்து எழுதி வச்சுட்டீங்கன்னா அப்புறம் அதே கரண்டியே போதும்.

கேழ்வரகு பத்தி ஒண்ணு சொல்லிடறேன், சண்டைக்கு வராதீங்க. சத்து இருக்கு, மறுக்கல, ஆனா அந்த மாவுலயும் 100 கிராமுக்கு 70 கிராம் பக்கம் கார்ப் இருக்கு, தண்ணியா கஞ்சி காய்ச்சிக் குடுத்தா வேகமாவே ஏறும். தேன், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே சர்க்கரைதான். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் மைதாதான், பாக்கெட்டத் திருப்பி சர்க்கரைன்னு போட்டிருக்கிற வரிய விட்டுட்டு கார்போஹைட்ரேட்னு இருக்கிற வரியப் பாருங்க.

படி 2: மாவுக் கணக்கு

நம்ம வீட்ல பாதி நாள் இட்லி தோசைதான, அதனால இத ஒரு தடவ பொறுமையா பண்ணிடுங்க. ஊற வைக்கிறதுக்கு முன்னாடியே அரிசியையும் உளுந்தையும் எடை போடுங்க. உதாரணத்துக்கு 200 கிராம் இட்லி அரிசின்னா அதுல 156 கிராம் கார்ப், 50 கிராம் உளுந்துல ஒரு 28 கிராம், மொத்தம் 184. வெறும் பாத்திரத்தோட எடைய குறிச்சு வச்சுட்டு, அரைச்சு உப்பு போட்டதும் பாத்திரத்தோட தராசுல வைங்க, பாத்திரத்த கழிச்சா மாவு 650 கிராம்னு வருதுன்னு வைங்க, அப்போ 100 கிராம் மாவுக்கு 28 கிராம் கார்ப். 50 கிராம் மாவுல ஒரு குட்டி தோசை ஊத்தினா 14 கிராம். மறுநாள் தண்ணி விட்டு கரைச்சா கணக்கு மாறும், கரைச்சத மறுபடி எடை போட்டுக்கோங்க. இந்த எண்ண ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க, பாட்டி தோசை ஊத்துற அன்னிக்கும் கணக்கு தப்பாது.

படி 3: காலை டிபன்

தோசையோ இட்லியோ, கூட ஒரு முட்டையோ பனீரோ வேர்க்கடலை சட்னியோ இருக்கட்டும். முட்டையில கார்ப் ஒரு கிராம் கூட இல்ல, வயிறும் தாங்கும். சாம்பார் பருப்பையும் கணக்குல சேருங்க, குட்டி கிண்ணம்தான்னாலும் விட்டுடாதீங்க. பருப்பு அதிகமா போட்ட அடை ரொம்ப நல்ல ஆப்ஷன், மெல்லிசா ஊத்தினா பசங்க சாப்பிடும்.

சாப்பாட்டுக்கு வேகமா வேலை செய்யற இன்சுலின்னா 10-15 நிமிஷம் முன்னாடி, பழைய ரெகுலர் இன்சுலின்னா அரை மணி நேரம் முன்னாடின்னு பொதுவா சொல்லுவாங்க. சிக்கலே இங்கதான், ஊசி போட்டாச்சு, தோசைய தட்டுல வச்சாச்சு, "எனக்கு வேணாம்"னு உக்காந்துடுவாரு நம்ம ஆளு. கெஞ்சாதீங்க, திட்டாதீங்க, அதே கார்ப் வர்ற மாதிரி வேற ஏதாவது உள்ள போயாகணும். 200 மில்லி பால்ல 10 கிராம் போல இருக்கு, தோல் உரிச்ச வாழைப்பழம் 50 கிராம்னா 11 கிராம் வரும். தினமும் இதே கதைன்னா, சாப்பிட்ட உடனே ஊசி போடலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, சின்ன பசங்க சிலருக்கு அப்படி மாத்திக் குடுக்குறாங்க.

படி 4: ஸ்கூல் ஸ்நாக்ஸ் டப்பா

வெந்த கொண்டைக்கடலை 50 கிராம்ல 13-14 கிராம் கார்ப், தேங்காய் துருவி மாங்கா கிள்ளிப் போட்டு சுண்டலா குடுங்க. கொய்யாக்கா துண்டு, வெள்ளரிக்கா, மிளகுத்தூள் போட்டு வதக்கின பனீர் எல்லாம் மாத்தி மாத்தி வைக்கலாம். 5 வயசுக்குள்ளன்னா முழுக் கடலை வேணாம், தொண்டையில சிக்கிக்கும், நசுக்கிக் குடுங்க. டப்பா மூடியில ஒரு டேப் ஒட்டி "14 கிராம், முழுசும் சாப்பிடணும்"னு பேனாவுல எழுதிடுங்க, மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ணி விளக்கிட்டே இருக்க வேண்டாம். மிக்ஸ்டு இன்சுலின் (வேகமா வேலை செய்யறதும் மெதுவா வேலை செய்யறதும் கலந்தது) போடறவங்களுக்கு இந்த இடைவேளை ஸ்நாக்ஸ் கண்டிப்பா நேரத்துக்கு போகணும், பள்ளிக்கூடத்துல சொல்லி வைங்க.

படி 5: லோ சுகர் பை

இது ஸ்நாக்ஸ் கிடையாது, தனிப் பை. டெஸ்ட் பண்றப்ப ரத்தத்துல சுகர் 70க்கு (mg/dL) கீழ இறங்கினா லோ. கை நடுங்கும், வேர்க்கும், சின்னது காரணமே இல்லாம அழும், சிலது அப்படியே தூங்கி விழும். குளுக்கோஸ் பவுடர் 5 கிராம் 5 கிராமா பொட்டலம் கட்டி வைங்க, 15 கிலோ இருக்கிற குழந்தைக்கு ஒரு பொட்டலம், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட், இன்னும் ஏறலன்னா இன்னொரு பொட்டலம். சாக்லேட் குடுக்காதீங்க, அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறத தாமதப்படுத்தும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சு, குளுக்ககான் ஊசி (சுகர ஏத்துற மருந்து) வீட்ல இருந்தா போட்டு, உடனே 108க்கு கூப்பிடுங்க.

படி 6: விளையாட்டு, ராத்திரி, பிறந்தநாள்

சாயங்காலம் நல்லா ஓடி ஆடினா ராத்திரி தூக்கத்துல கூட இறங்கும், அன்னிக்கு படுக்கும்போது டெஸ்ட் பண்ணாம விடாதீங்க. சுகர் நல்லா இருந்தா பழக்கத்துக்காக பால் குடுக்கணும்னு இல்ல.

பிறந்தநாளுக்கு கூப்பிட்டா அனுப்புங்க. எல்லாரும் கேக் சாப்பிடும்போது நம்ம புள்ள மட்டும் வெள்ளரிக்கா கடிச்சுட்டு நிக்க வேண்டாம். சின்ன துண்டு, அதுக்கேத்த இன்சுலின். க்ரீம் இருக்கிறதால சுகர் லேட்டா ஏறும், அதனால 2 மணி நேரத்துல பாத்தது சரியா இருந்தாலும் அப்புறம் இன்னொரு தடவ பாருங்க. ஏறியிருக்கேன்னு பதறி உடனே அடுத்த ஊசி போட்டுடாதீங்க, முன்னாடி போட்டது இன்னும் உள்ள வேலை செஞ்சுட்டு இருக்கலாம், எத்தனை மணி நேரம் கழிச்சு போடலாம்னு டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டு அந்த ஃபிரிட்ஜ் பேப்பர்லயே எழுதிக்கோங்க.