வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்ப்பது எப்படி?

இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். இந்த மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். உங்களுக்கு பலரையும் போல 2 முதல் 3 வேண்டியிருக்கலாம்; மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே இருப்பது) என்றால் பெரும்பாலும் 2.5 முதல் 3.5. டாக்டர் சொல்லும் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதற்குக் கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டலாம், மேலே போனால் ரத்தக்கசிவு வரலாம்.

1. கருவி

கோவாகுசெக் போன்ற கையடக்கக் கருவி போதும். ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலை அதிகம்தான். கடுமையான ரத்தசோகையோ ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினையோ (ரத்தத்தைக் கட்டவைக்கும் எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாவது) இருந்தால் கருவி காட்டும் எண் தவறாகலாம். டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் தடவை, அதே நாளில் லேபிலும் பார்த்து ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

2. விரலில் குத்துவது

பலரும் சொதப்புவது இங்கேதான். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். தண்ணீரோ சானிடைசரோ ரத்தத்தில் கலந்தால் எண் மாறிவிடும். கையைத் தொங்கவிட்டால் விரலுக்கு ரத்தம் நன்றாக இறங்கும். ஸ்ட்ரிப்பைச் செருகி, கருவி கேட்ட பிறகே விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். சர்க்கரை பார்க்கும்போது முதல் துளியைத் துடைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே அந்த முதல் துளிதான் வேண்டும். 15 விநாடிக்குள் ஸ்ட்ரிப்பில் வையுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள். போதவில்லை என்று மேலே இன்னொரு துளி விடவும் கூடாது. புது ஸ்ட்ரிப், வேறு விரல். சுமார் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும்.

3. நோட்டு

தேதி, எண், அன்றைய மாத்திரை அளவு. "ஒன்றரை மாத்திரை" என்று எழுதாமல் மி.கி.யில் எழுதுங்கள். அசிட்ரோம் 1, 2, 4 மி.கி. எனப் பல அளவில் வருகிறது. கடையில் வேறு அட்டை கொடுத்தால் அந்த ஒன்றரைக்கு அர்த்தமே மாறிவிடும்.

புது மருந்து, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வழக்கத்தைவிட அதிகமான கீரை எல்லாமே எண்ணை அசைக்கும், அவற்றையும் குறியுங்கள். முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் சரி. தலைவலிக்கு ஆஸ்பிரின், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்று நீங்களாக வாங்காதீர்கள்.

4. எண் தவறினால்

ஜெர்மனியில் வகுப்பில் பயிற்சி பெற்ற நோயாளிகள் அளவைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பயிற்சியும் டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணையும் கையில் இல்லாதவரை, டாக்டரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டே மாற்றுங்கள். மாற்றிய அளவு வேலைசெய்ய இரண்டு மூன்று நாளாவது ஆகும். மறுநாளே பார்த்துத் திரும்ப மாற்றினால் எண் ஊஞ்சலாடும். ஒரு நாள் மாத்திரை போட மறந்துவிட்டதா? அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடவே கூடாது.

கறுப்பாக மலம், சிவப்பாகச் சிறுநீர், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, திடீர்த் தலைவலி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் கருவியைத் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.