கிறிஸ்தவ ராப் கலைஞரைப் பேட்டி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பேட்டி எடுக்கத் தொடங்கிய இருவர், தங்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருவரும் பேசியது கிறிஸ்தவ ஹிப்-ஹாப் கலைஞர்களிடம். முதல் கேள்வியும் ஒன்றேதான்: "உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள்." சாட்சி என்றால், ஒருவர் விசுவாசத்துக்கு வந்த கதை. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பேட்டரி, மைக் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சாட்சியில் தொடங்குவது

சாட்சி என்பது கலைஞர் மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழகியது. குரல் எங்கே தழைய வேண்டும் என்பது வரை படிந்துபோயிருக்கும். அன்று நான் கேட்டதும் என் எதிரில் இருந்த கலைஞர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். போதை, தெரு, ஒரு ராத்திரி, ஜெபம். பதினோரு நிமிடம், ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. முடித்ததும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் எதைக் கேட்டாலும் ஒற்றை வரிப் பதில்தான்.

அதோடு போயிருந்தால் சரி. நான் போதையைத் தலைப்பில் போட்டேன். நடுவே தம்பியைப் பற்றி அவர் சொன்ன ஒரு வரியையும் அப்படியே அச்சில் ஏற்றினேன். தம்பி அப்போது சிகிச்சையில் இருந்தார். சபையில் யாரோ காட்டித்தான் அவர்களுடைய அம்மா அதைப் படித்திருக்கிறார். போனில் அந்தக் கலைஞர் கோபப்படவில்லை. "அது என் சாட்சி. அவன் சாட்சி இல்லையே" என்றார். அதன்பின் எனக்குப் பேட்டி கொடுக்கவே இல்லை. இன்றும் யாராவது இதைச் செய்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

இப்போதெல்லாம் ஒரு பாட்டின் ஒரு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதை எழுதிய வாரம் எப்படிப் போனது? ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி இருந்தால் ஆராதனைக்கு என்ன செய்கிறார்? அவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் யார்? இப்படிக் கேட்டால் பழைய கதை தானாக வரும். வந்தால், அதில் வரும் மற்றவர்களைப் பற்றி எழுதலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

"கிறிஸ்தவ ராப்பரா, ராப் பாடும் கிறிஸ்தவரா?"

கேட்காதீர்கள்.

வரலாறு தெரியாமல் போவது

'116' என்ற எண்ணைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார் அந்த இருவரில் ஒருவர். பைபிளில் ரோமர் 1:16, சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படேன் என்ற வசனம். 2004-ல் தொடங்கிய ரீச் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனக் கலைஞர்களின் அடையாளமே அந்த எண்தான். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராப் கலைஞர் லெக்ரே, 2013-ல் சிறந்த காஸ்பல் (கிறிஸ்தவ இசை) ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கினார். அடுத்த வருடமே அவருடைய இன்னொரு ஆல்பம் அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. இதற்குப் பிறகும் "ராப்பில் கடவுளைப் பாட முடியுமா?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் உள்ளுக்குள் மூடிக்கொள்வார்.

விசுவாசத்தை நிறவெறியிலிருந்து தனியாகப் பிரித்துக் கேட்பதும் இதே தவறுதான். வெள்ளையர்களின் இவாஞ்சலிக்கல் (சுவிசேஷப் பிரிவு) சபை உலகத்திலிருந்து தான் விலகியதை லெக்ரே 2017-ல் வெளிப்படையாகப் பேசினார். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஒருவருக்கு எந்தச் சபையில் உட்காருவது என்பதே வாழ்க்கைக் கேள்வியாக இருக்கலாம். அங்கே அவசரப்படாமல் காத்திருங்கள்.

வசனப் பரீட்சை வைப்பது

நீங்கள் போதகர் அல்ல.

ரெக்கார்டரை அணைத்த பிறகு சொன்னதை எழுதுவது

எனக்குக் கிடைத்த நல்ல பதில்களில் பாதி, வாசலில் செருப்பு மாட்டும்போது வந்தவை. அவற்றை எழுதலாமா என்று கேட்பேன். சிலர் சரி என்பார்கள். வேண்டாம் என்றவர்களின் பேச்சு என்னோடு இருக்கிறது.