சியெர்னி பலோக்: ஆட்டத்தின் நடுவே ரயில் ஓடும் மைதானத்துக்குப் போவது எப்படி?

ஊர் ஊராகப் போய்ப் புதுப்புது கால்பந்து மைதானங்களில் ஆட்டம் பார்ப்பதற்கு கிரவுண்ட்ஹாப்பிங் என்று பெயர். இந்தக் கிறுக்கு பிடித்த யாரிடமாவது ஸ்லோவாக்கியா என்று சொல்லிப்பாருங்கள், "அந்த ரயில் மைதானத்துக்குப் போனியா?" என்றுதான் கேட்பார்கள். 2015இல் பரவிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருக்க, கேலரிக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே நீராவி எஞ்சின் புகை கக்கிக்கொண்டு போகும். யாரும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை.

அது தத்ரான் சியெர்னி பலோக் என்ற அமெச்சூர் கிளப்பின் மைதானம். நாட்டின் நடுப்பகுதியில், ப்ரெஸ்னோ என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இருக்கிற கிராமம். மைதானத்தின் ஓரமாகப் போவது, காட்டு மரம் ஏற்றிவரப் போட்ட 760 மில்லிமீட்டர் அகலக் குறுகிய ரயில் பாதை. 1908இல் வேலை தொடங்கி, 1909இல் சரக்கு ஓடியது. 1982 கடைசியில் மூடினார்கள். தன்னார்வலர்கள் மண்ணைக் கிளறித் தண்டவாளத்தைச் சரிசெய்து, 1992இல் சுற்றுலா ரயிலாக மறுபடி ஓடவிட்டார்கள்.

விசா, விமான டிக்கெட் எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஷெங்கன் விசா, யூரோ நோட்டு, அவ்வளவுதான். இந்தப் பயணத்தில் கஷ்டம் ஒன்றே ஒன்று: ரயிலும் ஆட்டமும் ஒரே நேரத்தில் வரவேண்டும். இரண்டையும் நடத்துபவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் அட்டவணையைப் பார்த்து இன்னொருவர் போடுவதில்லை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ரயில் அதிகமாக ஓடுவது ஜூலை, ஆகஸ்டில். ஜூலையில் லீக் ஆட்டமே கிடையாது. சீசன் ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வாக்கில் நின்றுவிடும். பனிக்காலம் முழுக்க ஓய்வு, பிறகு வசந்தத்தில் தொடங்கி ஜூன் நடுவோடு முடியும். ஆக உங்களுக்குத் தோதான காலம் ஆகஸ்ட் மாதம், அடுத்து மே கடைசி, ஜூன் முதல் பாதி, செப்டம்பர். நான் ஆகஸ்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

படி 2: முதலில் ரயில் அட்டவணை, பிறகுதான் ஆட்டம்

எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆட்டத்தைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம் ரயிலைத் தேடுகிறார்கள். ரயில் அட்டவணை சீசன் முழுக்க அப்படியே இருக்கும், ஆட்ட நேரம்தான் மாறும். மாறாததைப் பிடித்துக்கொண்டு மாறுவதைத் தேடுவதுதான் சுலபம்.

சியெர்னோஹ்ரோன்ஸ்கா ஷெலெஸ்னிட்சா என்ற ரயில்வேயின் தளத்தில் அட்டவணை இருக்கிறது. கவனிக்கவேண்டியது: பாதை ஒன்றல்ல. க்வாத்திமெக்கிலிருந்து ஹ்ரோனெட்ஸ் வழியாகச் சியெர்னி பலோக் வரை ஒன்று, அங்கிருந்து விட்ரோவோ பக்கம் ஒன்று, தொப்ரோச் பக்கம் ஒன்று. எல்லா வண்டியும் மைதானத்தைக் கடக்காது. ரயில்வேக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்தத் தேதியில் எந்தெந்த வண்டி ஷ்டாடியோன் (மைதானம்) வழியாகப் போகும், எந்த எஞ்சின்?" என்று இரண்டே வரியில் கேளுங்கள். எஞ்சினைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எல்லா வண்டியையும் நீராவி இழுப்பதில்லை, டீசலும் ஓடுகிறது. புகை வேண்டுமென்றால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு நல்ல சேதி, கிளைப்பாதையில் போன வண்டி அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒரு நடைக்கு இரண்டு முறை பார்க்கலாம்.

படி 3: ஆட்ட நேரம் (இங்கே பொறுமையாக இருங்கள்)

என் நேரம் முழுக்கப் போனது இந்தப் படியில்தான்.

கிரவுண்ட்ஹாப்பர்கள் நிறையப் பேர் ஃபுட்பாலஜி செயலி வைத்திருப்பார்கள். போன மைதானங்களைக் கணக்கு வைக்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஸ்லோவாக்கியாவின் கீழ் அடுக்கு ஆட்ட நேரத்துக்கு அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். ஸ்போர்ட்நெட் தளத்தின் ஃபுட்பால்நெட் பகுதிக்குப் போங்கள், ஸ்லோவாக் கால்பந்துச் சங்கத்தின் அதிகாரபூர்வ அட்டவணை அங்கேதான் வரும். லீக் பெயரை வைத்துத் தேடாமல் கிளப் பெயரை வைத்துத் தேடுங்கள். ஏறும் இறங்கும் கிளப், அடுத்த ஆண்டு வேறு பிரிவில் இருக்கலாம். 'தொமாட்சி' என்றால் சொந்த மைதானத்தில் ஆடும் அணி. அந்த இடத்தில் சியெர்னி பலோக் இல்லையென்றால் அந்த வரியை மறந்துவிடுங்கள்.

அங்கே இருக்கும் நேரத்தையும் கல்வெட்டு என்று நினைக்காதீர்கள். இந்த மட்டத்தில் பல மைதானங்களில் மின்விளக்கு கிடையாது. பகல் குறையக் குறைய ஆட்டம் தொடங்கும் நேரத்தையும் அரை மணி, அரை மணியாக முன்னால் இழுத்துக்கொண்டே வருவார்கள். ஆகஸ்டில் ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அக்டோபரில் மூன்றுக்கு வந்துவிடலாம். இது போக, இரண்டு கிளப்பும் பேசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைச் சனிக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. அதனால் ஆட்ட வாரத்தின் புதன் அல்லது வியாழனன்று கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். போஸ்டரில் இருக்கும் நேரத்தைத்தான் நான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வேன்.

இனி கணக்கு. ஆட்டம் 16:30 என்று வையுங்கள். முதல் பாதி 17:15க்குக் கொஞ்சம் பிறகு முடியும், இரண்டாம் பாதி 17:30க்கு மேல் தொடங்கி 18:20 வாக்கில் முடியும். வண்டி 17:20க்கு மைதானத்தைக் கடந்தால்? இடைவேளை. காலி மைதானத்தின் ஓரமாக ரயில் போகும், வீரர்கள் உள்ளே எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். ரயில் மேடையைவிட்டுப் புறப்படும் நேரத்தை மட்டும் பார்க்காமல் மைதானத்துக்கு வந்துசேரும் நிமிடத்தையும் கணக்கில் சேருங்கள். முதல் பாதியின் நடுவிலோ இரண்டாம் பாதியின் நடுவிலோ விழுந்தால் மட்டும் டிக்கெட் போடுங்கள்.

பெரியவர்கள் ஆட்டம் தொடங்குவதற்குள் அன்றைய கடைசி வண்டி போய்விடுகிறதா? அதே பக்கத்தில் 'தொராஸ்த்' என்ற இளையோர் அணியின் ஆட்டத்தைத் தேடுங்கள். அது பல நேரம் அதே நாளில் முன்னதாகவே நடக்கும், ரயில் நேரத்தோடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். இளையோர் ஆட்டம் பார்த்தால் அந்த மைதானம் கணக்கில் சேருமா என்று ஹாப்பர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். என் கட்சி: நடுவர் விசில் ஊதி, முழு நேரம் நடந்த போட்டி ஆட்டம் என்றால் சேரும். பயிற்சி ஆட்டம் சேராது. ரயிலை மட்டும் படமெடுத்துவிட்டு இருபதாவது நிமிடம் கிளம்புகிறவர்களுக்கு என்னிடம் எந்த மதிப்பும் இல்லை.

படி 4: போய்ச் சேர்வது

பிராட்டிஸ்லாவாவிலிருந்து பான்ஸ்கா பிஸ்திரிட்சா வரை ரயில். அங்கிருந்து ப்ரெஸ்னோ போகும் பாதையில் க்வாத்திமெக் நிலையத்தில் இறங்கினால் குறுகிய பாதை ரயில் பக்கத்திலேயே. அதுதான் அழகான வழி. நேரம் ஒத்துவராவிட்டால் ப்ரெஸ்னோவில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். சிபி.எஸ்கே (cp.sk) தளத்தில் ரயில், பேருந்து இரண்டையும் சேர்த்துத் தேடலாம். கூகுள் மேப்ஸைவிட அதைத்தான் நம்புவேன்.

நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் குறிகளைப் பாருங்கள். குறுக்காகப் போட்ட இரண்டு சுத்தியல் என்றால் வேலைநாள் மட்டும். சிலுவை என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். வட்டத்துக்குள் 6 என்றால் சனி. ஆட்டம் வார இறுதியில், பேருந்துகளில் பாதிக்குமேல் சுத்தியல். திரும்பிவரும் பேருந்தைப் பார்க்காமல் ஊருக்குள் போகாதீர்கள். கார் ஓட்டத் தெரிந்தால் வாடகைக்கு எடுங்கள், நிம்மதி.

படி 5: மைதானத்தில்

சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், கார்டு எடுப்பார்களா என்று பரீட்சித்துப் பார்க்கவேண்டாம். கிராமத்து ஆட்டங்களில் பீர், வறுத்த க்ளோபாசா என்ற தொத்திறைச்சி, கடுகுச் சாந்து, ரொட்டி கிடைக்கும். சைவம் என்றால் வழியிலேயே ரோஷோக் ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமத்துக் கடைகளை நம்பமுடியாது. குடிக்க கோஃபோலா கேளுங்கள். 1960இலிருந்து இருக்கும் உள்ளூர் கோலா, லேசான மூலிகை வாசம், குழாயில் பிடித்துத் தருவதுதான் ருசி.

எங்கே நிற்பது? கேலரியில் உட்கார்ந்தால் ரயில் மூக்குக்கு நேரே போகும். அந்தச் சில நொடி ஆட்டம் தெரியாது, கோல் விழுந்தாலும் சத்தம்தான் கேட்கும். எதிர்ப்பக்கம் நின்றால் முன்னால் வீரர்கள், பின்னால் ரயில், அதற்குப் பின்னால் கேலரி, மூன்றும் ஒரே படத்தில் வரும். இரண்டு நடை கிடைத்தால் ஒன்றுக்கு அங்கே, ஒன்றுக்கு இங்கே. ஒரே நடைதான் என்றால் நான் கேலரியைத்தான் சொல்வேன், எதிர்ப்பக்கத்துப் படம் ஏற்கெனவே இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. படத்துக்காகத் தண்டவாளத்தின்மேல் நிற்காதீர்கள். அது பொம்மை ரயில் இல்லை.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர் ஆகஸ்ட் 29 அன்று போய்ப் பேருந்து இல்லாமல் மாட்டிக்கொண்டார். அது ஸ்லோவாக் தேசிய எழுச்சி நாள், அரசு விடுமுறை. எந்தக் கிழமையில் வந்தாலும் சிலுவைக் குறி வண்டிதான் ஓடும், சுத்தியல் குறி வண்டி ஓடாது. கிழமையோடு விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: "ரயிலிலும் ஏற வேண்டும், ஆட்டமும் பார்க்க வேண்டும், ஒரே நாளில் முடியுமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காலை வண்டியில் விட்ரோவோ பள்ளத்தாக்கில் இருக்கும் திறந்தவெளி வனவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்து, மதியத்துக்கு மேல் மைதானத்துக்கு வாருங்கள். இரவு தங்குவதாக இருந்தால் பக்கத்திலேயே போத்ப்ரெஸோவா கிளப்பின் ஸெல்போ அரேனாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022இல் முதல் பிரிவுக்குத் திரும்பி ஏறிய கிளப் அது. சனிக்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே என்று அமைந்தால் ஒரே பயணத்தில் இரண்டு மைதானம்.