பழைய கிராபிக்ஸ் கார்டு: பணம் கைமாறும் முன் அரை மணி நேரம்

பல மாதங்கள் சேர்த்த பணத்தில் நான் முதன்முதலாக வாங்கிய பழைய கார்டு, விற்றவரின் மேசையில் பளிச்சென்று படம் காட்டியது. வீட்டுக்கு வந்து ஒரு விளையாட்டைத் திறந்தேன். எட்டாவது நிமிடத்தில் திரை முழுவதும் பச்சைச் சதுரங்கள். சூடு ஏறினால் மெமரி தடுமாறும் கார்டு அது. டெஸ்க்டாப்பைக் காட்டுவதற்கு எந்தக் கார்டும் உழைக்க வேண்டியதில்லை. அதை உழைக்கவிட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இன்னொரு முறை வாங்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் கணினியைத் திறந்து பாருங்கள்

கார்டைத் தேடும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படுவதைப் பவர் சப்ளையிலிருந்து வரும் தனி ஒயர்தான் தர வேண்டும்: 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட். ஆர்எக்ஸ் 580 கார்டின் தேவை 185 வாட். அலுவலகங்களில் இருந்து கழிக்கப்பட்ட கணினிகள் பலவற்றில் இந்த ஒயர் இருக்காது. அப்படியானால் ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத் தேடுங்கள். அதிலும் சில மாதிரிகள் 6 பின் கேட்கும் என்பதால் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒயரை 8 பின்னாக மாற்றித் தரும் மலிவான இணைப்பிகளை நம்ப வேண்டாம். அந்த ஒயர்கள் அவ்வளவு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல, சூடாகி உருகும்.

கணினிப் பெட்டிக்குள் கார்டுக்கு இருக்கும் இடத்தையும் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகளை நிறுவனங்களே வெளியிட்டிருக்கின்றன.

ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் 6 ஜிபி மாதிரிக்கு 1280 கோர்கள், அதாவது கணக்கிடும் சிறு பகுதிகள். 3 ஜிபி மாதிரிக்கு 1152 மட்டுமே. மெமரி பாதியாவதோடு சில்லின் (சிப்) வலிமையும் குறைகிறது. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 கோர்கள் இருக்க வேண்டும். '2048எஸ்பி' என்ற ஒட்டுப்பெயருடன் வருவது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570தான். ஜிடி 1030 இன்னும் மோசம். ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும்; டிடிஆர்4 மெமரி உள்ளது ஏறத்தாழ 17 ஜிபி மட்டுமே. இரண்டின் அட்டைப்பெட்டியிலும் பெயர் ஒன்றே. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டுடன் தரவைப் பரிமாறும் பாதைகளில், அதாவது லேன்களில், நான்கில் மட்டும் இயங்குவதால், கார்டு செருகும் இடம் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸாக உள்ள பழைய மதர்போர்டில் அதன் வேகம் அடிபடும். பழைய கார்டு தேடுபவரிடம் பெரும்பாலும் பழைய மதர்போர்டுதான் இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அடுத்து டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏஎம்டி நிறுவனம் ஆர்9 200, 300 வரிசைகளை 2021இலேயே கைவிட்டுவிட்டது. ஆகவே 1000 வரிசையைச் சேர்ந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, அதற்கு அடுத்து வந்த ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் நெருங்கிய விலையில் கிடைத்தால் யோசிக்காமல் 1650ஐ எடுங்கள். உங்களிடம் 8 பின் ஒயர் இருந்து, பணமும் சற்றே எட்டுமானால், என் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி மெமரி, 132 வாட். சுமாரான பவர் சப்ளையும் அதைத் தாங்கும்.

மூன்றாம் படி: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

எப்போது வாங்கினீர்கள், ரசீது இருக்கிறதா, எப்போதாவது பழுது பார்த்தீர்களா, ஏன் விற்கிறீர்கள் என்று கேளுங்கள். வரிசை எண் தெரியும்படி, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கார்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை.

கிரிப்டோ மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்கான ஓயாத கணக்கீட்டில், ஓடிய கார்டா என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு தன் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டு மைனிங்கைக் கைவிட்டது. அத்துடன் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே குப்பை என்பதை நான் ஏற்கவில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்து, ஒரே சீரான வெப்பத்தில் ஓட்டியிருந்தால் சில்லுக்குப் பெரிய கேடு இல்லை. தேய்வது விசிறிகள், உலர்வது சில்லின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், அதிகம் வாட்டப்படுவது மெமரி. கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸும் மாற்றப்பட்டிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள், மெமரியைக் கூடுதல் நேரம் சோதியுங்கள்.

நான்காம் படி: கண்ணும் விரலும்

விசிறியை விரலால் மெல்லச் சுற்றுங்கள். உரசினாலோ ஆடினாலோ அதன் தாங்கி (பேரிங்) தேய்ந்திருக்கிறது. விசிறியை மாற்றலாம் என்பதால் இது பேரம் பேசக் காரணம், வேண்டாம் என்று சொல்லக் காரணம் அல்ல. மதர்போர்டில் செருகும் தங்க நிற விளிம்பில் கருகல், அதன் பக்கத்தில் பலகையில் விரிசல், பவர் இணைப்பில் உருகிய பிளாஸ்டிக் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். சில்லைச் சுற்றிப் பசை போன்ற மினுமினுப்பும் பழுப்பேறிய பலகையும் இருந்தால், அது செத்துப்போய்ச் சூடுகாட்டி எழுப்பப்பட்ட கார்டு. அந்த உயிர் பல நேரங்களில் சில வாரங்களே நிற்கும். மெமரியின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் பயப்படாதீர்கள். அது மின்சாரம் கடத்தாது.

ஐந்தாம் படி: ஓடவிட்டுப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் எக்காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட், கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க், பிழைகளைச் சோதிக்கும் ஓசிசிடி ஆகிய மூன்று மென்பொருள்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் ஜிபியு-இசட். நீங்கள் குறித்து வந்த கோர் எண்ணிக்கை, மெமரியின் அளவு, வகை ஆகியவை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மிகப் பழைய சில்லின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் மோசடி உண்டு. உண்மையான 1050 டிஐயில் 768 கோர்கள் இருக்கும். பெயருக்கு முன்னால் போலி என்று இந்த மென்பொருளே காட்டினால் அங்கேயே எழுந்துவிடலாம். அந்த வரிசைச் சில்லுகளில் அனலாக் வெளியீடு கிடையாது. ஆகவே பழைய நீல நிற விஜிஏ துளையுடன் ஒரு 1050 டிஐ வந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். வெப்பம் மெல்ல ஏறி எண்பது டிகிரிக்குள் நிலைத்தால் நிம்மதி. இரண்டே நிமிடத்தில் தொண்ணூறைத் தொட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சில்லின் மேல் அமரும் வெப்பத்தட்டு (ஹீட்சிங்க்) சரியாக உட்காராமல் இருக்கலாம். அது ஓடும்போதே ஜிபியு-இசட்டில் லேன் எண்ணிக்கையைப் பாருங்கள். 16 இருக்க வேண்டிய கார்டு 8இல் நின்றால், விளிம்பைத் துடைத்து மீண்டும் செருகிச் சோதியுங்கள். ஆர்எக்ஸ் 6600 பிறவியிலேயே 8 லேன் என்பதால் அதில் இது குறையல்ல.

ஃபர்மார்க் சூட்டைக் கிளப்பும். மெமரியை முழுக்கத் தொடாது. அதனால் சூடு ஆறுவதற்குள் ஓசிசிடியின் மெமரி சோதனையை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வாங்காதீர்கள். திரையில் சதுரங்கள், கோடுகள், மினுக்கும் புள்ளிகள் தோன்றினாலும் அதே முடிவுதான். கடைசியாக ஒவ்வொரு வெளியீட்டுத் துளையிலும் கேபிளைச் செருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள். சோதிக்க இடம்தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

தூரத்திலிருந்து அஞ்சலில் வாங்குவதாக இருந்தால், இந்தச் சோதனைகளை வரிசை எண்ணில் தொடங்கி வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதை நீங்களும் படம் பிடியுங்கள். திருப்பித்தரும் கெடு முடிவதற்குள், முடிந்தால் அன்றைக்கே, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருளால் முழுதாக அகற்றிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். இரண்டு பவர் இணைப்பு கேட்கும் கார்டானால், கிளை பிரிந்த ஒரே ஒயரைவிட இரண்டு தனி ஒயர்கள் நல்லது. முதல் நாள் ஃபர்மார்க்கில் வந்த வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்து அதே சோதனையில் பத்து டிகிரி கூடியிருந்தால் தூசியைத் தட்டிப் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் பேஸ்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.